ஒரே தாளத்தில் இரண்டு காதல் பாட்டு

கண்ணு,

நீ கேட்டது நாலைந்து வரிதான். புதுப் பாட்டோடு சேர்த்துப் போடுவதற்கு, அது எப்படி உருவானது என்று ஒரு பத்தி எழுதித் தரச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாய். நீ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, குளிருகிறது என்று பேசி, அங்கே அரிசி கிடைக்கிறது என்று பேசி, இன்னும் எழுதலையாம்மா என்று கேட்டும் விட்டாய். எழுத உட்காரும் போதெல்லாம் அசதியாக இருக்கிறது. மதியம் உன் அப்பா சாப்பிட்டுப் படுத்த பிறகு சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள் கண் சொருகுகிறது. வயதா, இந்த இரண்டு வருடத்துக் களைப்பா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. புதுப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பழைய பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை ஏன் இணையத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ ஒருவருக்கு ஒரு பதில் சொல்கிறாய், இன்னொருவருக்கு வேறு பதில். காய்கறிக் கடையில் என்னையும் நிறுத்திக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். பத்தியாக எழுத வரவில்லை. உனக்குச் சொல்வது போலத்தான் வருகிறது. பழைய பாட்டில் வந்த அந்தப் பெண்ணின் பேரை எழுதமாட்டேன். அவள் ஊரையும் அவள் வேலை பார்த்த கடையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததே போதும்.

உனக்கு உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்து, மண்டபம் பேசி, பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாள். அவள் ஊர் தாராபுரம் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் குடும்பமே தலை குனிந்து வந்து சொன்னது. காரணம் கேட்டோம். விருப்பமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் அவர்களிடம் இல்லை. சில மாதங்கள் நீங்கள் இருவரும் போனில் பேசியிருந்தீர்கள். நீ சிரித்துக்கொண்டே மாடிப்படியில் ஏறி இறங்கியதை நானும் பார்த்திருக்கிறேன். அது நின்று போனதும் நீ பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து மாடி அறையில் படுத்துக்கொண்டாய். தட்டில் சோறு போட்டு மேலே கொண்டு வந்து வைப்பேன். சில நாள் தட்டு காலியாகக் கீழே வரும், சில நாள் அப்படியே வரும். நீ தாடியைக்கூட எடுக்கவில்லை. பீளமேட்டில் இந்தத் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. பையன் லீவுலயா இருக்குதுங்க என்பார்கள். ஆமாங்க என்பேன்.

அப்போதுதான் அன்வர் வந்தான். உன்னோடு கல்லூரியில் படித்தவன், உக்கடத்தில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவன், கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். வண்டியின் பின்னால் கிட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து, அம்மா அவனப் பாத்துட்டுப் போறேங்க என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான். நீ கதவைத் திறக்க வெகு நேரமானது. அவன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்திருக்கிறான். கீழே எனக்குச் சுவரில் யாரோ தட்டுவது போலக் கேட்டது. கல்லூரியில் இருந்தே உங்கள் இருவருக்கும் ரெகே என்றால் உயிராம். எனக்கு அதெல்லாம் தெரியாது. யாரோ சடை வளர்த்தவர்கள் புகை பிடித்துக்கொண்டு பாடுவது என்றுதான் நினைத்திருந்தேன். நீதான் பிறகு எனக்குக் கேட்கக் கொடுத்தாய். ஜமைக்கா என்ற தீவில் பிறந்த இந்த இசையில், அநியாயத்தை எதிர்த்துப் பாடும் பாட்டுக்குச் சமமாகக் காதல் பாட்டும் இருக்கிறது என்றாய். போகாதே என்று கேட்கும் பாட்டு, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லும் பாட்டு, பக்கத்தில் உட்கார் என்று மட்டும் சொல்லும் பாட்டு. அந்தத் தீவிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், அதை இன்னும் மெதுவாக்கி, காதலுக்கென்றே ஒரு வகையாக்கிப் பாடினார்களாம். முதலில் எனக்கு அது காலில் முள் குத்தினவன் நடப்பது போலத்தான் இருந்தது. நாம் தாளம் தட்டும் இடத்தில் கிட்டார் வராது. கை மேலே எழும்பும் இடத்தில் வரும். கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. அவசரமே இல்லாத பாட்டு. எனக்கு அந்த நாட்களில் அவசரமில்லாத எதைக் கேட்டாலும் பிடித்தது.

ஒரு பாட்டு இத்தனை பேர் சேர்ந்து செய்வது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அன்வர் பேஸ் வாசித்தான். அதுதான் பாட்டுக்கு முதுகெலும்பு என்று நீயே சொல்வாய். நீ கிட்டார் வாசித்தாய். டிரம்ஸுக்கு இங்கே உனக்குப் பிடித்த ஆள் கிடைக்கவில்லை. பர்மிங்காமில் இருக்கும் ஒரு டிரம்மரை இணையத்தில் பிடித்தாய். அவருடைய அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களாம். அவர் அங்கே வாசித்து அனுப்புவார், நீங்கள் இங்கே அதன் மேல் வாசித்து அனுப்புவீர்கள், அவர் எதையாவது எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம் என்று அன்வர் சிரிப்பான். பின்குரல் பாடுவதற்குக் கவிதா வந்தாள். இங்கே ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். வேலை முடிந்து ஸ்கூட்டரில் நேராக வருவாள். வந்ததும் சமையலறைக்கு வந்து, என்னங்கம்மா வேலை இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவாள். நான் மூன்று பேருக்கு வடித்துக்கொண்டிருந்த சோற்றை ஐந்து பேருக்கு வடித்தேன். இடுப்பு வலித்தது. ஆனால் நீ சாப்பிட்டாய். உன் அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வாழ்நாள் முழுக்க நின்று அவருக்குக் காது போய்விட்டது. பாட்டு கேட்காது, ஆனால் பேஸ் அடிக்கும்போது கட்டில் அதிரும். மேல என்ன மாவு மில்லா போட்டிருக்குது என்று என்னிடம் கேட்டார்.

தாளம் முதலில் தயாரானது. அதற்குப் பிறகு நீ வார்த்தை எழுதினாய். அந்தப் பெண் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். ‘மருந்துக் கடைக்காரி, என் நோய்க்கு மட்டும் மருந்தில்லைன்னுட்டா’ என்று பல்லவி வைத்தாய். ஆற்றுப்பாலம், நீல ஸ்கூட்டர், அவள் தலையில் வைக்கும் கிளிப் எல்லாம் சரணத்தில் வந்தன. நான் டீ கொண்டு வந்தபோது நீ அதைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாய். கவிதா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், இந்தப் பொண்ணு நெசமாலுமே இருக்காங்களா என்று கேட்டாள். நீ டீயை எடுத்துக் குடித்தாய். அவங்க ஊட்டுல இதக் கேப்பாங்களே என்றாள். பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும் என்றாய். அப்ப அந்தப் பொண்ணு சொல்றதையும் ஒரு பாட்டா வைக்கலாங்களா, இதே தாளத்துல நான் எழுதிப் பாடறேன் என்று கவிதா கேட்டாள். ஜமைக்காவில் அப்படித்தான் செய்வார்களாம். ஒரே தாளத்தின் மேல் ஒருவர் ஒரு பாட்டைப் பாடுவார், இன்னொருவர் அதே தாளத்தில் வேறு பாட்டைப் பாடுவார், சில சமயம் முதல் பாட்டுக்குப் பதிலாகவே பாடுவார். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். ஆனால் அன்றைக்கு உனக்கு முகம் சிவந்துவிட்டது. இது என்னோட பாட்டு என்றாய். அன்வர் தலையைக் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். கவிதா பின்குரல் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வாரேங்கம்மா என்று கிளம்பிவிட்டாள்.

நீ தனியாகவே பாடி இணையத்தில் வெளியிட்டாய். பாட்டு ஓடியது. நன்றாகவே ஓடியது. டவுன் பஸ்ஸில் பையன்கள் போனில் வைத்துக் கேட்டார்கள். கல்லூரி விழாக்களுக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். சினிமாக்காரர் ஒருவர் பாட்டைத் தன் படத்துக்குக் கேட்டதாகச் சொன்னாய். நீ தாடியை எடுத்துவிட்டுக் கீழே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். எனக்கு வேறு என்ன வேண்டும்? அடுப்படியில் நானும் அந்தப் பல்லவியை முனகிக்கொண்டிருந்தேன். அதில் வருகிறவள் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை. பிள்ளை எழுந்து நடமாடினால் போதும் என்று இருக்கும் தாய்க்கு வேறொன்றும் கண்ணில் படாது போலிருக்கிறது.

அவளுடைய அப்பா ஒரு காலை வெயிலில் வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பஸ்ஸில் வந்திருக்கிறார். வாசல் கேட்டுக்கு வெளியே நின்றே, ஏனுங் சம்மந்தியம்மா என்று கூப்பிட்டுவிட்டு, அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார். பழக்கத்தில் வந்துவிட்டது. நான் போய்க் கேட்டைத் திறந்தேன். உள்ளே வாங்க என்றேன். நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். காபி வேண்டாம், வர வழியில் குடித்ததாகச் சொன்னார். உன் அப்பாவின் உடம்பை விசாரித்தார். இந்த வருடம் மழை பரவாயில்லை என்றார். பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்களச் சங்கடப்படுத்தோணும்னு வரலீங்க. பசங்க கடைக்கு வாரானுங்க. மாத்திரை கேக்கறதில்லீங்க. எங்க நோய்க்கு மருந்து இருக்குதான்னு கேட்டுபோட்டுச் சிரிக்கறானுங்க. எம்புள்ள மொதல்ல கண்டுக்காம இருந்துது. இப்பக் கடைக்குப் போறதில்லீங்க. வெளிய வாரதும் இல்லீங்க.”

வேறு ஒரு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். அவர்களும் பாட்டைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வது போலச் சொன்னார். நீ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து, வாங்க என்றுகூடச் சொல்லாமல், நான் யார் பேரையும் சொல்லலீங்களே, அது பாட்டுதானுங்க என்றாய். அவர் எழுந்து நின்றுவிட்டார். தன் வயதில் பாதி இல்லாத உனக்கு முன்னால் எழுந்து நின்றார். எனக்கு அது தாங்கவில்லை.

“பாட்டுதானுங்க தம்பி. பாட்டுங்கறதாலதான் எல்லார்த்து வாயிலயும் இருக்குது. வசவா இருந்திருந்தா நாலு நாள்ல மறந்திருப்பாங்க.”

எனக்கு வலிச்சுதுங்களே, அத நான் யாருகிட்டச் சொல்றது என்று நீ கேட்டாய்.  அவர் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலிச்சிருக்குமுங்க என்றார். அதை ஒத்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம், வேண்டாம்னு சொல்றதுக்கு எம்புள்ளைக்குப் பாத்தியதை இல்லீங்களா தம்பி என்று கேட்டார். நீ மாடிக்குப் போய்விட்டாய். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வாரேனுங்க என்று சொல்லிப் போனார். வெயிலில் பஸ் நிறுத்தம் வரை அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உன் அப்பா கட்டிலில் இருந்தபடி யார் வந்துட்டுப் போறது என்று கேட்டார். அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முட்டியில் வாதம் வந்த பிறகு அவர் மாடி ஏறியதே இல்லை. அன்றைக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அன்வரும் அங்கே இருந்தான். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய். உன் அப்பா அதைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார். அவர் உன்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“உன்ற பாட்டு எனக்குக் கேக்காது சாமி. அவங்கப்பனுக்குக் கேக்குது.”

அவ்வளவுதான் சொன்னார். இறங்குவது அவருக்கு ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்வர்தான் தோள் கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தான்.

அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கீழே வந்து, பாட்ட எடுத்தர்றேம்மா என்றாய். ஆனால் அது உன் ஒருவன் பாட்டு இல்லையே. மற்றவர்களையும் கேட்க வேண்டியிருந்தது. பர்மிங்காம் டிரம்மரிடம் நீ என் எதிரில்தான் பேசினாய். அவருக்கு ஒரு தமிழ் வார்த்தையும் தெரியாது. வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், என்ன நடந்தது என்று கேட்டாராம். நீ சொன்னதும், எடுத்துவிடு, தாளம் எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டாராம். அன்வர் அவ்வளவு சுலபமாக இல்லை. இந்தப் பாட்டுக்குப் பிறகுதான் அவனைப் பாட்டுக்காரன் என்று உக்கடத்தில் நாலு பேர் மதித்தார்கள். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கவிதா சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கோணும்டா, தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தேன் என்றான். சரி, எடுத்துடு என்றும் சொன்னான். எடுத்தாய். ரசிகர்கள் உன்னைத் திட்டினார்கள். சினிமாக்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. யாரோ பாட்டைத் திருடிவிட்டதாகக் கதை கட்டினார்கள். வாட்ஸ்அப்பில் அது இன்னும் கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விட்ட பாட்டைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை என்று நீ என்னிடம் சொன்னபோது, உன் முகம் மாடியில் படுத்திருந்த நாட்களில் இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஆனாலும் நீ மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. சும்மா இருக்க முடியாமல் அன்வரின் கடைக்குப் போய் ஏசி கழற்றப் பழகினாய். கிட்டாரைத் தொடவில்லை.

மழைக்காலத்தில் கவிதா திரும்பி வந்தாள். நனைந்துகொண்டு வந்தவளுக்குத் துண்டு கொடுத்தேன். அந்தத் தாளம் சும்மாதான இருக்குது, நான் பாடிக்கட்டுங்களா என்று உன்னிடமும் அன்வரிடமும் கேட்டாள். அந்தப் பெண்ணின் பதிலையா பாடப்போகிறாய் என்று நீ கேட்டாய். இல்லை, அவங்க சார்பா பேசறதுக்கு நான் யாருங்க என்றாள். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்றாள். என்ன எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை. சில வாரங்கள் சும்மா வந்து வந்து போனாள். என்னோடு பூண்டு உரித்தாள், துணி மடித்தாள். அப்படியிருந்த ஒரு சாயங்காலம், நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து, வழக்கம் போல உள்ளே நுழைந்ததும், நான் வந்துட்டேனுங்க, கேக்குதுங்களா என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேக்குது அம்மிணி என்றார். வருடக்கணக்காக நடப்பதுதான், எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை. கவிதா மட்டும் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். அய்யாவுக்குக் கேக்காதில்லீங்களா, அப்புறம் எப்படிப் பதில் சொல்றாரு என்று மெதுவாகக் கேட்டாள். கதவு திறந்தால் வெளிச்சம் சுவரில் மாறும், அதைப் பார்த்துச் சொல்வார் என்றேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும், வேறென்ன சொல்லப்போகிறேன்?

அவள் அன்றைக்கு மீதித் துணியையும் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறத நான் பாட்டுக்கு எடுத்துக்கலாங்களா? வேண்டாம்னா வேண்டாமுங்க. வருத்தப்படமாட்டேன்.”

என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரையும் கேட்க வேண்டுமே என்றேன். அவர் காதருகே போய்க் கத்தினேன். நம்மள வெச்சுப் பாட்டுக் கட்டுதாமுங்க இந்தப் புள்ள என்றேன். அவர் கவிதாவைத் திரும்பிப் பார்த்தார். பாட்டுல நான் பதில் சொல்றனா என்று கேட்டார். கவிதா, சொல்லோணுங்களா என்று கையசைத்துக் கேட்டாள். சொல்லோணும், கேக்குதுன்னு சொல்லோணும், கேக்காட்டியும் அப்படித்தான் சொல்லோணும் என்றார். இத்தனை வருடம் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதுதான் ‘கேக்குதுங்களா’ என்ற புதுப் பாட்டு. நீங்கள் அதைச் செய்த விதமும் வேறாக இருந்தது. கவிதா ஒரு வரியைப் பாடிவிட்டு அன்வரைப் பார்ப்பாள். அவன் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. இந்த எடத்துல பேஸ் நிக்கட்டும், அம்மா பதிலுக்குக் காத்திருக்காங்கல்ல என்றான். பர்மிங்காம்காரர் தன் டிரம்ஸிலேயே பாதியை எடுத்துவிட்டு அனுப்பினார். உன் குரல் அதில் இல்லை. பாடட்டுமா என்று நீ கேட்கவும் இல்லை. கிட்டார் மட்டும்தான் வாசித்தாய், அதுவும் கை மேலே எழும்பும் அந்த ஒரு இடத்தில் மட்டும் கம்பியில் சட்டென்று ஒரு வெட்டு. நம் பக்கத்துப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிறோமே, அது சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்துட்டேனுங்க, கேக்குதுங்களா, சாப்பிட்டீங்களா. ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் உன் கிட்டார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது கவிதாதான். வெகு நாளைக்குப் பிறகு நீயும் சிரித்தாய்.

பழைய பாட்டைப் போல இது ஓடாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன்கள் பஸ்ஸில் இதைக் கேட்கப்போவதில்லை. நீ போட்டுக் காட்டியவர்களில் கொஞ்சம் பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த டிரம்மர் தன் குழுவில் வந்து வாசிக்க உன்னை அழைத்தார், நீயும் போயிருக்கிறாய். அங்கே உன் பேர் யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் நின்று அந்த ஒரு வெட்டைத்தான் வாசிக்கப்போகிறாய். போ, வாசி. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. கட்டில் அதிராததால் உன் அப்பாவுக்குத்தான் ஏதோ குறைகிறது, மேல யாருமில்லையா என்று அடிக்கடி கேட்கிறார். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு மறந்துவிட்டது. தினம் சோறு மீந்துபோகிறது. அன்வர் வாரத்தில் ஒரு தடவை வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். கவிதா வந்தால் இருட்டுவதற்குள் அனுப்பிவிடுகிறேன். அவளையும் உன்னையும் சேர்த்து வைத்துக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை. சேர்ந்து பாட்டுச் செய்தார்கள், அதுவே ஒரு உறவுதான்.

உனக்குப் புத்தி சொல்லும் தெம்பு எனக்கு இல்லை கண்ணு. நீ இனியும் காதல் பாட்டு எழுதுவாய். உன் வயதுக்கு அதைத்தான் எழுத வேண்டும். எழுதும்போது அறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் ஒரு கேள்வி கேட்டால், கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேள். பக்கத்தில் ஒருவன் தலையைக் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தால் அவனிடமும் கேள். வலியைப் பாடாதே என்று நான் சொல்லவில்லை. உன் வலியைப் பாடு. இன்னொருத்தியின் வீட்டு முகவரியைச் சேர்த்துப் பாடாதே. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதி முடித்துவிட்டு உடனே உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. நீ இதை எல்லோரும் படிக்கும்படி போடப்போகிறாய். நான் ஊரை மாற்றினாலும் கடையை மாற்றினாலும் இது அவளுடைய வாழ்க்கையும்தான். அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர், புள்ளகிட்டயே கேட்டுக்குங்க என்று நம்பரைக் கொடுத்தார். அவள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மறுபடி வேலைக்குப் போகிறாள். நான் யாரென்று சொன்னேன். சொல்லுங்கம்மா என்றாள். முழுவதையும் போனிலேயே படித்துக் காட்டினேன். அவளுடைய அப்பா எழுந்து நின்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். சில வரிகளை எடுத்துவிடச் சொன்னாள். அவள் ஏன் வேண்டாமென்று சொன்னாள் என்று நான் என் ஊகத்தில் எழுதியிருந்த இடமும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நீ படிப்பது அவள் விட்டுவைத்ததை மட்டும்தான். போட்டுக்கலாங்களா என்று கேட்டேன். போட்டுக்குங்க என்றாள். போனை வைக்கப்போகும்போது, ஒண்ணு மட்டும் சேத்துக்கறீங்களா என்று கேட்டு, அவளே மெதுவாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

“பாட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க. அதுல இருந்தது நான் இல்லீங்க.”